பழையனூர் நீலி

தொண்டை நாட்டுத் திருவாலங்காட்டை அடுத்துள்ளது பழையனூர். முற்பிறப்பில் தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்க, நீலி என்னும் பேய் பெண்ணுருக் கொண்டு, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தொடர்ந்து அங்கு வந்ததாம்.

"கணவர் என்னைக் கைவிட்டார்" என்று அவள் அழுதாள். "இவள் பேய்" என்று அவன் அலறினான். ஊர் வேளாளர் எழுபதின்மரும் அழுகையையே நம்பினர். அவன் காவலாகக் கொண்டிருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, "உனக்குத் தீங்கு நேரின் எம் உயிரைத் தருவோம்" என வாக்களித்து, இருவரையும் ஓர் இல்லத்தில் தங்கச் செய்தனர். அந்தோ! வாளையேனும் அவனிடம் விட்டுவைத்திருக்கலாகாதா?

விடிந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் தீ வளர்த்து இறங்கினர்.

7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இவ்வரலாற்றைச் சுட்டுகின்றது. மக்களோ, பொய்யழுகையை இன்றும் 'நீலிக் கண்ணீர்' என்பர்.