வீக்கம் வடிந்தால் போதுமா?

மஞ்சுவிரட்டில் மாடு தூக்கிப்போட்டதில் தம்பிக்கு முழங்கால் விலகி, தானாகவே உள்ளே போய்விட்டது. எண்ணெய்க் கட்டுப் போட்டிருக்கிறோம். எம்.ஆர்.ஐ. அவசரமா டாக்டர்? (நெற்குப்பை வாசகர்)

எம்.ஆர்.ஐ. கிடக்கட்டும். பாதத்தில் நாடி பார்த்தார்களா?

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றே பேசிவிட்டேன். இங்கே எழுதுவது, அடுத்த தையில் சிராவயலுக்குக் கிளம்பும் பிள்ளைகளின் வீட்டாருக்காக.

'தானாக உள்ளே போய்விட்டது' என்று நீங்கள் நிம்மதிப்படும்போதுதான் எனக்கு வயிறு கலங்குகிறது. முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாய் மேலும் கீழும் இறுகப் பிணைந்தது. எலும்பு விலகினால் அது நகர வழியில்லை. இழுபட்டு உட்சுவர் கிழியும். அன்றைக்குப் பாதம் கதகதப்பாகவே இருக்கலாம். பிறகு ரத்தம் உறைந்து அடைக்கும். ஓட்டம் நின்று 6 முதல் 8 மணி நேரம் தாண்டினால் காலையே எடுக்க நேரலாம். அந்த நேரத்தில் கட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பீர்கள்! உருவுவது, சொடுக்கு எடுப்பது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. பாதம் சில்லிட்டாலும் வெளுத்தாலும், பெருவிரலை மேலே தூக்க வராவிட்டாலும் நேரே மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு வண்டி பிடியுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனையில் காட்டியாக வேண்டும்.

குழாய் பிழைத்த பிறகே ஜவ்வுக் கணக்கு. உள்பக்க ஜவ்வு பெரும்பாலும் பட்டை போட்டாலே கூடிவிடும். வெளிப்பக்க மூலை கிழிந்திருந்தால் 3 வாரத்துக்குள் அறுவை செய்வது நல்லது. தள்ளிப்போட்டால் எல்லாம் தழும்பாகி, எது எதுவென்று பிரிக்கவே தெரியாது.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கிறது. முன்பக்க ஜவ்வு அறுவை முடிந்து 10 நாள்.

இதமாகத்தான் இருக்கும். கால் நீளாமல் மடங்கியே நின்றுவிடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

ஐப்பசியில் அதே அறுவை. இப்போது வலியே இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா?

கூடாது. உங்கள் தொடையிலிருந்து எடுத்து வைத்த நாண் முதலில் உயிரிழக்கும். பிறகு புது ரத்தக்குழாய் முளைத்து ஜவ்வாக மாறும். இடையில், இரண்டு மூன்று மாதத்தில், வைத்த நாளைவிட அது நைந்திருக்கும். வலி விடுவதும் அப்போதுதான், அதுதான் வம்பு. குன்றக்குடி வரை போய்க் காவடியை வழியனுப்பிவிட்டு வாருங்கள். ஓட்டமும் கபடியும் 9 மாதத்துக்குப் பிறகு, அதுவும் தொடைச் சதை மறுகாலுக்குச் சமமாகத் தேறியிருந்தால்.

வீட்டு முகப்பில் ஏழு படி. ஊன்றுகோலோடு எந்தக் கால் முதலில்?

ஏற நல்ல கால், இறங்க அறுவைக்கால். ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் ஜவ்வு ஒட்டுமா?

ஒட்டாது. மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லுங்கள்.