மரத்தில் கயிறு கட்டியிருக்கிறீர்களா?

1. துணி காயப்போடும் கொடியை வளரும் மரத்தில் சுற்றிக் கட்டாதீர்கள். எங்கள் கொல்லையில் இளம் வேம்பு ஒன்றில் நைலான் கொடி கட்டி அப்படியே மறந்துவிட்டோம். சில வருடம் கழித்துப் பார்த்தால் கயிற்றையே காணோம். பட்டை அதை மூடி வளர்ந்திருந்தது. முடிச்சின் பச்சை நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே மரம் புடைத்தும், கீழே ஒல்லியாகவும் இருந்தது. ஆடிக்காற்றில் சரியாக அந்த இடத்தில் முறிந்து விழுந்தது.

2. காரணம் இதுதான். இலை தயாரிக்கும் உணவு, பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. மரம் பருக்கும், நைலான் நெகிழாது. வழி நெரிந்ததும் உணவு கயிற்றுக்கு மேலே தேங்கிப் புடைக்கிறது, வேர் பட்டினி கிடக்கிறது. கொய்யா, மாதுளையில் விண் பதியம் போடுகிறவர்கள் பட்டையை வளையமாக உரிப்பது இந்தத் தேக்கத்துக்காகவே. அந்த இடத்தில் வேர் விடும். அங்கே பாதிப்பு ஒரு கிளையோடு போகிறது. அடிமரத்தில் நடந்தால் மொத்த மரமும் போகும்.

3. தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறுவதால், இலைகள் சில காலம் பச்சையாகவே இருக்கும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

4. கன்றுக்குக் கம்பு ஊன்றினால் பழைய வேட்டித்துணியையோ சைக்கிள் டியூப் பட்டையையோ எட்டுப் போல மாற்றிச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். விரல் தாராளமாக நுழைய வேண்டும். கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். கன்று தானாக நின்றதும், ஏறக்குறைய ஒரு வருடத்தில், கட்டை அவிழ்த்துக் கம்பையும் எடுத்துவிடுங்கள்.

5. கயிறுதான் வேண்டுமென்றால் தேங்காய்நார்க் கயிறு அல்லது சணல். மறந்தாலும் மழை வெயிலில் இற்றுப்போகும்.

6. தென்னை, பனை, பாக்கு மரங்களுக்கு இந்த ஆபத்து இல்லை. உணவுக் குழாய்கள் தண்டு முழுக்கப் பரவியிருக்கும். வளர்ந்த தண்டு வேம்பைப் போலப் பருத்துக்கொண்டும் போகாது. கொடியை அங்கே கட்டுங்கள்.

7. ஊஞ்சல் கயிற்றுக்கு அடியில் மடித்த சாக்கு வையுங்கள். ஆட்டைக் கட்டுவதற்குத் தனியாக முளை அடியுங்கள்; மரத்தில் கட்டினால் ஆடு இழுத்து இழுத்தே பட்டையை உரித்துவிடும். திருவிழா சீரியல் பல்பு ஒயரை விழா முடிந்ததுமே அவிழ்த்துவிடுங்கள்.

8. ஏற்கெனவே புதைந்த கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள், பட்டையும் கூடவே கிழிந்து வரும். வெளியே தெரியும் இடங்களில் இரண்டு மூன்று வெட்டு வெட்டினாலே இறுக்கம் விடும். எளிதாக வருவதை மட்டும் எடுங்கள், மற்றதை மரத்திடம் விட்டுவிடுங்கள். காயத்தில் சிமெண்ட் பூச வேண்டாம்.

9. தெருவோர மரங்களையும் ஒருமுறை பாருங்கள். மரம் வளர்ந்த பிறகும் இரும்புக் கூண்டு கழற்றப்படாமல் பட்டைக்குள் ஏறியிருக்கும். பேனர் கட்டிய கம்பியும் இருக்கும். உங்கள் ஊர் மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ சொல்லி வெட்டி எடுக்கச் செய்யுங்கள்.