சாப்பாட்டுக்கடைக்குக் காப்புறுதி: எதற்கு, எவ்வளவுக்கு?

எமது பகுதிகளில் சாப்பாட்டுக்கடையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. கடன் எடுத்தும் நகையை அடகு வைத்தும் தொடங்கப்படும் இக்கடைகளில் விறகடுப்பு, காஸ் சிலிண்டர், கொதிக்கும் எண்ணெய், மின்சாரம் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தீப்பிடித்தால் கடை எரியும், கடன் எரியாது. ஆகவே காப்புறுதி பற்றி நாம் தெளிவு பெறுவது அவசியம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குவோம். "கடன் தரும்போதே காப்புறுதிக்கும் காசு கழித்தார்கள்தானே" என்று சிலர் நிம்மதியாக இருக்கின்றனர். அவ்வாறு கழிக்கப்படுவது பெரும்பாலும் கடனாளி இறந்தால் மீதிக் கடனைத் தீர்ப்பதற்கானது. அது கடையைக் காக்காது. எனவே பத்திரத்தைக் கேட்டு வாங்கி வாசிக்க வேண்டும்.

எவற்றைக் காக்க வேண்டும்?

1. கட்டடமும் பொருட்களும்: தீக் காப்புறுதியே அடிப்படை. வெள்ளம், புயல், கலகம், பயங்கரவாதம் ஆகியவற்றைப் பொதுவாக மேலதிகக் கட்டுப்பணம் செலுத்தியே சேர்க்க வேண்டும். வாடகைக் கடையாயின், உரிமையாளரின் காப்புறுதி எமது குளிர்சாதனப் பெட்டியையோ தளபாடங்களையோ காக்கும் என்று எண்ணக்கூடாது.

2. வேலையாட்கள்: வேலையின்போது விபத்துக்குள்ளாகும் தொழிலாளிக்கு நட்டஈடு வழங்கும் பொறுப்பை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் முதலாளி மீது சுமத்துகிறது. கொத்துரொட்டி போடும் தம்பியின் கை வெந்தால் அவனது வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். இது சட்டக் கடமை மட்டுமல்ல, நீதியின் கடமையுமாகும்.

3. வாடிக்கையாளர்: கடைக்குள் வழுக்கி விழுபவருக்கான பொறுப்பு வேறு, உணவு நஞ்சானதால் வரும் பொறுப்பு வேறு. இரண்டும் பத்திரத்தில் அடங்குமா என எழுத்தில் கேட்போம்.

அரைக் காப்புறுதியின் ஆபத்து

கட்டுப்பணத்தைக் குறைப்பதற்காகப் பெறுமதியைக் குறைத்துக் காட்டுவது பெருந்தவறு. ஒரு கடையின் உண்மைப் பெறுமதி 40 இலட்சம் ரூபா என வைத்துக்கொள்வோம். அதை 20 இலட்சத்துக்கே காப்புறுதி செய்திருக்கிறோம். தீயினால் 10 இலட்சம் நட்டம். 20 இலட்சத்துக்குள் இருப்பதால் முழு நட்டமும் கிடைக்கும் என எண்ணுவோம். ஆனால் தீக் காப்புறுதியில் வழமையாக உள்ள சராசரி நிபந்தனையின்படி, பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவருக்குப் பாதி நட்டமே, அதாவது 5 இலட்சமே கிடைக்கும். அதிலும் நாமே ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை கழிக்கப்படலாம்.

நேர்மையாகப் பெறுமதி சொன்னவரும் இதில் அகப்படலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாக இருந்தது. அதற்கு முன் குறித்த தொகையையே இன்னமும் புதுப்பித்து வருபவர், அறியாமலே அரைக் காப்புறுதியில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் பொருட்களின் இன்றைய விலையைக் கணக்கிட்ட பின்னரே புதுப்பிக்க வேண்டும்.

உண்மையும் ஒழுங்கும்

காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மீது நிற்பது. சமையலறைக்குக் கிடுகுக் கூரை என்பதையோ, சிலிண்டர்கள் உள்ளே வைக்கப்படுகின்றன என்பதையோ மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். முகவர் நிரப்பிய படிவத்தில் வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம். பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் பொருட்களின் படங்களையும் கடையில் அல்ல, வேறிடத்தில் வைப்போம். விபத்து நடந்தால் உடனே பொலிசுக்கும் கம்பனிக்கும் அறிவிப்போம். கம்பனியின் முடிவு அநீதியாகத் தோன்றினால் முதலில் அதனிடமே எழுத்தில் முறையிட்டு, பின்னர் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியை நாடலாம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்க வசதியில்லையா? எது நடந்தால் மீண்டும் எழும்ப முடியாதோ, அதையே முதலில் காப்போம். செழிப்பான ஏழு வருடங்களில் தானியம் சேர்த்த யோசேப்பு இறைவனில் நம்பிக்கை குறைந்தவர் அல்லர். முன்யோசனையும் விசுவாசத்தின் ஒரு பகுதியே.

குழுவில் கலந்துரையாட:

1. நமது கடைகளின் பொருட்களை இன்று மீண்டும் வாங்க எவ்வளவு தேவை?
2. நமது பத்திரத்தில் அடங்காத ஆபத்துகள் எவை?
3. நம்மிடம் வேலை செய்பவர் காயமடைந்தால் அவரது குடும்பத்தின் நிலை என்ன?