தேரையும் இல்லை, திருட்டுப் பாஷையும் இல்லை

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டனுக்குப் போகிறவர்களை முதல் வாரத்திலேயே திகைக்கவைப்பவை இரண்டு: சாப்பாட்டுக் கடையின் மெனு, பக்கத்தில் நிற்பவரின் பேச்சு. இரண்டைப் பற்றியும் கதைகள் நிறைய உலவுகின்றன. அவற்றில் சிலவற்றை நம்பினால், சாப்பிடக்கூடாது என்று நினைப்பதையே சாப்பிட நேரும்.

நம்பிக்கை: புட்டிங் என்றாலே இனிப்பு.
உண்மை: கேரமல் புட்டிங் சாப்பிட்டுப் பழகியதால் வந்த எண்ணம் இது. ஆங்கிலேயரின் பழைய புட்டிங், விலங்கின் குடலுக்குள் இறைச்சியும் தானியமும் அடைத்து வேகவைத்தது. பிளாக் புட்டிங் இன்றும் அந்த வகைதான். பன்றி ரத்தம், கொழுப்பு, ஓட்ஸ் அல்லது பார்லி சேர்த்துச் செய்து, காலையில் முட்டையோடு பரிமாறுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் குடலுக்குப் பதிலாகத் துணியில் கட்டி வேகவைக்கும் வழக்கம் பரவிய பிறகுதான் மாவும் உலர்பழமும் சேர்ந்த புட்டிங்குகள் பெருகின. யார்க்‌ஷயர் புட்டிங்கிலும் சர்க்கரை கிடையாது. வறுத்த மாட்டிறைச்சிக்கும் கிரேவிக்கும் அது துணை. 1747இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்திலேயே அதன் செய்முறை இருக்கிறது.

நம்பிக்கை: 'டோட் இன் த ஹோல்' தேரைக்கறி.
உண்மை: தேரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தட்டில் கொழுப்பைப் புகையச் சூடாக்கி, சாசேஜ்களைப் போட்டு, மாவும் முட்டையும் பாலும் கரைத்து ஊற்றி ஓவனில் வைப்பார்கள். ஓரமெல்லாம் பொன்னிறமாகப் பொங்கி எழும். நடுவில் சாசேஜின் முதுகு மட்டும் தெரியும்.

நம்பிக்கை: 'ஸ்பாட்டட் டிக்' ஆபாசமான பெயர்.
உண்மை: புள்ளிகள் என்பது உலர்திராட்சை. 'டிக்' என்பது 19ஆம் நூற்றாண்டில் சாதாரண புட்டிங்குக்கு வழங்கிய பெயர். லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் புகழ்பெற்ற சமையல்காரர் அலெக்சிஸ் சோயர், 1849இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தப் பெயரைக் கூச்சமின்றி அச்சிட்டார். 2009இல் வேல்ஸின் ஃப்ளின்ட்‌ஷயர் கவுன்சில் கேன்டீனில் இதை 'ஸ்பாட்டட் ரிச்சர்ட்' என்று மாற்றிப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பழைய பெயரே திரும்பியது.

நம்பிக்கை: இனிப்பு புட்டிங் என்றால் சைவம்.
உண்மை: மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். ஸ்பாட்டட் டிக், ஜாம் ரோலி போலி, கிறிஸ்துமஸ் புட்டிங் எல்லாம் மரபாக 'சூயட்' சேர்த்துச் செய்பவை. மாட்டின் அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டியான கொழுப்பு அது. மெதுவாக உருகுவதால் மாவுக்குள் சின்னச் சின்ன இடைவெளி விட்டு, புட்டிங்கை மிருதுவாக்கும். இன்று வெஜிடபிள் சூயட்டும் கிடைக்கிறது. எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது பெயரிலிருந்து தெரியாது. பாக்கெட்டைப் படிக்க வேண்டும், கடையில் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: கிழக்கு லண்டனின் காக்னி இயைபுக் கொச்சை, போலீசை ஏமாற்றத் திருடர்கள் உண்டாக்கிய ரகசிய மொழி.
உண்மை: இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 1859இல் கொச்சைச் சொல் அகராதி வெளியிட்ட ஜான் கேம்டன் ஹாட்டன், தெருவில் பாட்டுத்தாள் விற்றவர்களோடும் கூவி விற்றவர்களோடும்தான் இந்தப் பேச்சைச் சேர்த்துச் சொல்கிறார். வாய்ச் சாமர்த்தியமே அவர்களுக்கு முதலீடு. மாடிப்படியாகிய 'ஸ்டேர்ஸ்' என்பதற்கு ஓசை ஒத்த 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்பார்கள். வெளியாரைக் குழப்புவது அடுத்த படி. பார்வையாகிய 'லுக்', 'புட்சர்ஸ் ஹுக்' ஆகும். பிறகு ஓசை ஒத்த கடைசிச் சொல்லையே விட்டுவிட்டு வெறும் 'புட்சர்ஸ்' என்பார்கள்.

நம்பிக்கை: கிழக்கு லண்டன் முதியவர்களோடு அது முடிந்துவிட்டது.
உண்மை: 'யூஸ் யுவர் லோஃப்' என்று நாடெங்கும் சொல்கிறார்கள். 'லோஃப் ஆஃப் பிரெட்' தலையாகிய 'ஹெட்'டைக் குறிக்கும். மூளையைப் பயன்படுத்து என்று பொருள். பொய்யாகிய 'லை'க்கு 'போர்க்கி' என்பது 'போர்க் பை' வழியாக வந்தது. 1950களில் புகழ்பெற்ற வட அயர்லாந்துப் பாடகி ரூபி மரேயின் பெயரோ 'கறி'யோடு ஓசை ஒத்ததால், நம் நாட்டுச் சாப்பாட்டுக்கே 'ரூபி' என்ற பெயர் வந்துவிட்டது.

துணியில் மாவு கட்டி வேகவைத்த வீடுகளும் கூவி விற்ற தெருக்களும் தந்த பெயர்கள் இவை. வெளியூர்க்காரரைக் கேலி செய்யப் பிறந்தவை அல்ல. அதனால் சிரித்து ஒதுக்கவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். புரியாத சொல்லுக்கு அர்த்தம் கேளுங்கள். தட்டில் இருப்பதற்கு என்ன சேர்த்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் அந்த ஊர்க்காரர்கள் மகிழ்ந்து பதில் சொல்வார்கள்.