கடல் தந்த கரை

சைனிக்புரியில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு விடுமுறை நாளின் மாலைப்பொழுதைக் கழிக்க ஹுசேன் சாகர் உண்டு. ‘சாகர்’ என்னும் சொல்லுக்குக் கடல் என்பது பொருள். எனினும் அது கடலன்று. 16ஆம் நூற்றாண்டில் குதுப்ஷாகி மன்னர் காலத்தில் அமைக்கப்பட்ட ஏரி. ஏரி நீரைக் கரை கட்டி நிறுத்தலாம். கடலை அவ்வாறு நிறுத்த இயலுமா? ஓர் இரவு ரயில் பயணத்தில் எட்டக்கூடிய சென்னை மாநகரம் இவ்வினாவிற்கு விடை கூறுகிறது.

மணல் வந்த கதை

சென்னைக்கு வருவோர் முதலில் காண விரும்புவது மெரினா கடற்கரை. சாலையிலிருந்து அலைவரை நடப்பதற்கே கால் வலிக்கும் அளவுக்கு அதன் மணற்பரப்பு அகன்றது. ஆனால் இம்மணல் எக்காலத்தும் இங்கே இருந்ததன்று. சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்னர் அலைகள் இன்றைய சாலைக்கு வெகு அருகிலேயே வந்து மோதின.

அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையை விட்டு விலகி நங்கூரமிட்டு நின்றன. கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் மக்களும் சரக்குகளும் அலையைக் கடந்து கரை சேர்ந்தனர். இத்துன்பத்தைப் போக்க 1870களில் கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பித் துறைமுகம் கட்டத் தொடங்கினர். 1881இல் வீசிய புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. ஆயினும் பணி கைவிடப்படவில்லை.

சென்னைக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் இவ்வோட்டம் திசை மாறும். வடக்கு நோக்கிச் சென்ற மணலைத் துறைமுகச் சுவர் வழிமறித்தது. தடுக்கப்பட்ட மணல் சுவருக்குத் தெற்கே ஆண்டுதோறும் குவிந்தது, மெரினா அகன்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், இக்கரையோரம் உலாவுவதற்கு நடைபாதை அமைத்து ‘மெரினா’ எனப் பெயரிட்டார்.

ஒரு கரையின் பேறு, மறு கரையின் இழப்பு

தெற்கே மணல் தங்கியது. எனவே, வடக்கே செல்லவேண்டிய மணல் சென்று சேரவில்லை. அலைகள் அங்கிருந்த மணலை அள்ளிச் சென்றன. புதிய மணல் வந்து அவ்விடத்தை நிரப்பவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடலோரத்தைக் கடல் சிறிது சிறிதாக அரித்தது. மீனவர் குடியிருப்புகளும் சாலைகளும் அழிவுக்கு உள்ளாயின. இன்று அக்கரையின் பல இடங்களில் மணலைக் காண்பது அரிது. கடலைத் தடுக்கக் கொட்டப்பட்ட கருங்கற்களே வரிசையாகக் கிடக்கின்றன.

மெரினாவில் மணல்வீடு கட்டி விளையாடும் குழந்தை இதனை அறிந்திருத்தல் நன்று. அதன் கைப்பிடியில் உள்ள மணல், வடசென்னைக் குழந்தையின் கரைக்குப் போய்ச் சேராத மணலாகவும் இருக்கலாம்.

மெரினாவின் காட்சிகள்

மாலை வேளையில் மெரினா திருவிழாக் கோலம் பூணும். தேங்காய், மாங்காய் சேர்த்த பட்டாணிச் சுண்டலும், சூடான மிளகாய் பஜ்ஜியும், ராட்டினமும், குதிரைச் சவாரியும் சிறுவரை ஈர்க்கும். செல்வரும் வறியவரும் கட்டணமின்றி ஒரே மணலில் அமர்ந்து காற்று வாங்குவது இக்கடற்கரையின் தனிச்சிறப்பு.

சாலையோரச் சிலைகள் வரலாற்றைச் சொல்கின்றன. பாறையை நகர்த்த முயலும் நால்வரைக் காட்டும் உழைப்பாளர் சிலையைச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தார். அது 1959இல் நிறுவப்பட்டது. 1968இல் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார் முதலியோர்க்குச் சிலைகள் எழுந்தன. அவ்வரிசையில் வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு.போப் ஆகிய மூவரும் உள்ளனர். தமிழ் இவர்களுக்குத் தாய்மொழி அன்று. கற்றுத் தேர்ந்த மொழி. பிற மாநிலங்களில் வாழ்ந்து தமிழ் கற்கும் மாணவர்க்கு இம்மூவரும் நல்ல துணைவர்கள்.

எதிரே உள்ள விவேகானந்தர் இல்லம் 1842இல் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் உறைந்த குளங்களிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டி, மரத்தூளில் பொதியப்பட்டு, பல மாதக் கப்பல் பயணத்திற்குப்பின் இங்கு வந்து சேர்ந்தது. மக்கள் இன்றும் இப்பகுதியை ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே அழைக்கின்றனர். 1897இல் சுவாமி விவேகானந்தர் இங்குத் தங்கினார். சற்றுத் தெற்கே 1977 முதல் இயங்கும் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மின்தூக்கியில் ஏறி மேலே சென்றால் நகரையும் கடலையும் ஒருசேரக் காணலாம்.

ஆயினும் மெரினாவில் குளிப்பதற்குத் தடை உண்டு. வெளிப்பார்வைக்கு அமைதியாகத் தோன்றும் நீரின் அடியில் நீரோட்டம் வலிமை மிக்கது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் உள்ள ஷ்மிட் நினைவுச் சின்னம் இவ்வாபத்தை உணர்த்துகிறது. அது 1930இன் இறுதியில் பிறரைக் காப்பாற்ற முனைந்து கடலில் உயிர்நீத்த டென்மார்க் நாட்டவரின் நினைவாக எழுப்பப்பட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு உள்ளது. படகுச் சவாரிக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் 1996 முதல் ‘தட்சிணசித்ரா’ இயங்குகிறது. தென்னிந்தியாவின் பல ஊர்களில் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகள் சில, தூண் தூணாகவும் கதவு கதவாகவும் கழற்றிக் கொண்டுவரப்பட்டு இங்கு மீண்டும் எழுப்பப்பட்டன. செட்டிநாட்டு வணிகர் வீட்டைக் கண்டவர்கள் சற்று நடந்தால், நல்கொண்டாப் பகுதி இக்கத் நெசவாளர் வீட்டையும் காணலாம். தெலங்கானாவிலிருந்து வரும் தமிழ்ச் சிறுவனுக்கு இரு வீடுகளும் தன் வீடாகத் தோன்றக்கூடும்.

அடுத்து, வடநெம்மேலியில் முதலைப் பண்ணை உள்ளது. முதலைகள் அருகி வந்த காலத்தில் அவற்றைக் காக்கும் நோக்கத்துடன் ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் இதனைத் தொடங்கினார்.

இச்சாலையின் மகுடம் மாமல்லபுரம். பல்லவர் காலத்துக் கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு முதலியவற்றை யுனெஸ்கோ நிறுவனம் 1984இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. உப்புக் காற்றும் அலையும் கோயிலின் சிற்பங்களைத் தேய்த்துவிட்டன. மேலும் அழியாமல் காக்கக் கோயிலைச் சுற்றிக் கற்களை அடுக்கி, சவுக்கு மரங்களையும் நட்டுள்ளனர்.

கடல் அழித்தது மட்டுமன்று, காட்டிக் கொடுத்ததும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையோர மக்கள் பலரின் உயிரைப் பறித்தது. அது வடிந்தபின், அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் மணலுக்குள் மறைந்திருந்த பாறையில் கல்வெட்டு எழுத்துகள் தென்பட்டன. அவற்றைப் பின்தொடர்ந்து அகழ்ந்த தொல்லியல் ஆய்வாளர்கள் பழமையான முருகன் கோயில் ஒன்றைக் கண்டுபிடித்தனர்.

இரவில் வரும் விருந்தினர்

பகலில் மனிதர் நடமாடும் சென்னைக் கரைக்கு, ஆண்டின் தொடக்க மாதங்களில் இரவு வேளையில் பங்குனி ஆமைகள் வந்து முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 45 நாள்களில் வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சமான அடிவானத்தைக் கடல் எனக் கருதி அத்திசையில் ஊர்ந்து செல்லும். நகரின் மின்விளக்குகள் அவற்றைச் சாலைப் பக்கம் திருப்பிவிடும். இதனைத் தடுக்க 1988 முதல் மாணவர்கள் குழுவாக இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துக் காவல் உள்ள குழிகளில் வைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர்.

கடலை அடக்க இயலாது. ஓரிடத்தில் தடுத்தால் அது வேறோரிடத்தில் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். கரைக்குச் செல்வோர் குப்பையைத் திருப்பி எடுத்து வரலாம். மீனவரின் வலையை மிதிக்காமல் நடக்கலாம். அம்மணல் பலருக்கும் உரியது.

சொற்பொருள்

நங்கூரம் – கப்பலை நிலைநிறுத்தும் இரும்புக் கருவி
அரித்தல் – சிறிது சிறிதாகக் கரைத்தல்
வறியவர் – ஏழை
ஆழிப்பேரலை – சுனாமி
அகழ்தல் – தோண்டுதல்

பயிற்சி

1. மெரினாவின் மணற்பரப்பு அகன்றதற்குக் காரணம் என்ன?
2. துறைமுகம் கட்டப்பட்டபின் வடசென்னைக் கரையில் நேர்ந்தது யாது?
3. ஆமைக் குஞ்சுகள் வழிதவறுவது ஏன்?
4. பிரித்து எழுதுக: கடலன்று, மணற்பரப்பு, பேரலை.
5. எதிர்ச்சொல் தருக: பேறு, செல்வர், தடை.
6. சிந்தித்து எழுதுக: ஓர் ஊருக்கு நன்மை தரும் கட்டுமானம் அடுத்த ஊருக்குத் தீங்கு தருமாயின் செய்யத்தக்கது யாது?
7. செயல்பாடு: உங்கள் பாட்டி, தாத்தா அல்லது பெற்றோரிடம் அவர்கள் இளமையில் கண்ட கடற்கரை, ஆற்றங்கரை அல்லது குளக்கரையைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக. அக்கரை இன்று எவ்வாறு உள்ளது என்பதையும் சேர்த்து எழுதுக.