தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?



போன வருடம் தொழிற்பயிற்சிக்கு இடம் தேடி நாற்பது நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று பதில்தான் வந்தது. மூன்றிலும் ஒரே வார்த்தை: இடமில்லை. பயிற்சியை முடிக்காமல் பொறியியல் பட்டம் வாங்க முடியாது. லெம்பா பெர்த்தாமுக்குப் போன் போட்டு அப்பாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். "நமக்கு அங்கெல்லாம் தெரிஞ்சவங்க யாரும் இல்லையேம்மா" என்றார்.

அப்பா சொன்னது பொய் இல்லை. முப்பது வருடமாகத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அவருக்குத் தெரிந்தவர்கள் மண்டோர், கிராணி, காய்கறி லோரி ஓட்டுபவர், கோயில் தலைவர். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் நம்மைப் பொறியியல் நிறுவனத்துக்குள் அழைத்துப் போக அவர்களால் முடியாது.

இதைப் பற்றி ஒருவர் ஆராய்ச்சியே செய்திருக்கிறார். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்த நபரை எத்தனை தடவை பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 100-க்கு 17 பேர்தான். மற்ற 83 பேருக்கும் உதவியவர் எப்போதாவது பார்க்கும் ஆள், அல்லது அரிதாகப் பார்க்கும் ஆள். 1973-இல் இதை எழுதினார். காரணம் எளிது. நம்மோடு தினமும் இருப்பவர்களுக்கு நமக்குத் தெரிந்த செய்திதான் தெரியும். தூரத்தில் இருப்பவர்தான் புதுச் செய்தி கொண்டுவருவார்.

நம் முன்னோர் கதையும் இதுதானே? மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது கங்காணி. தன் சொந்த ஊருக்குத் திரும்பிப் போய், சொந்தபந்தங்களைக் கப்பலேற்றினார். 1938-இல் இந்திய அரசு அதைத் தடை செய்தது. கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது, வந்தவர்களுக்குக் கடனும் சேர்ந்தது. இன்று நமக்கு வேண்டியது தலைக்காசு கேட்காத வழிகாட்டி. அவர்தான் நமக்கு முன்னால் படித்து முடித்த அண்ணன், அக்கா.

நான் செய்ததைச் சொல்கிறேன். லிங்க்ட்இன் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தால் முன்னாள் மாணவர் என்று ஒரு பகுதி இருக்கும். யார் எந்த நிறுவனத்தில், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். என் துறையில் படித்த மூன்று பேருக்கு எழுதினேன்:

"வணக்கம். நானும் உங்கள் துறைதான், மூன்றாம் ஆண்டு. நீங்கள் பார்க்கும் வேலையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச முடியுமா? உங்களுக்கு வசதியான நேரம் சொல்லுங்கள்."

கவனியுங்கள், இதில் நான் வேலை கேட்கவில்லை. வேலை கேட்டால் 'இல்லை' என்று சொல்லி முடித்துவிடலாம். அனுபவத்தைக் கேட்டால் மனிதர்கள் பேசுவார்கள்.

இரண்டு பேர் பதில் போடவில்லை. நான்காம் நாள் ஓர் அக்கா அழைத்தார். என் தன்விவரத்தைப் பார்த்துவிட்டு, "பாடமும் மதிப்பெண்ணும்தான் இருக்கு. நீ கையால செஞ்சது எங்கே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். விடாமல் கேட்டதும் பம்பு விஷயத்தைச் சொன்னேன். மாமாவின் காய்கறித் தோட்டத்தில் நீர் இறைக்கும் மோட்டார் இரண்டு முறை எரிந்தது. பம்பின் சக்கரத்தில் வேரும் மண்ணும் சிக்கியிருந்தது. குழாய் வாயில் வலை கட்டி, வயரிங் செய்பவரோடு சேர்ந்து ஓவர்லோட் ரிலே மாட்டினோம். தோட்டத்து வேலைதானே என்று அதை எழுத எனக்கு வெட்கம்.

"அதை முதல் பக்கத்துல போடு" என்றார் அக்கா.

ஈப்போவில் ஒரு சின்ன நிறுவனம் ஆள் தேடுவதையும் சொன்னார். விளம்பரம் எங்கும் வரவில்லை. நேர்காணலில் பாதி நேரம் பம்பைப் பற்றித்தான் பேச்சு. இடம் கிடைத்தது.

பட்டம் முடிப்பவர்கள் இவற்றையும் மறக்காதீர்கள்:

1. சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் பதிந்துகொள்ளுங்கள். இலவசம். ஜோப்ஸ்ட்ரீட்டையும் பாருங்கள்.

2. அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் எஸ்பிஏ9-இல் விண்ணப்பம் இருக்க வேண்டும்.

3. பொறியியல் பட்டதாரிகள் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதியுங்கள். 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படியான பதிவு இது. நிபுணத்துவப் பொறியியலாளர் ஆகக் குறைந்தது மூன்று வருட அனுபவம் வேண்டும். சீக்கிரம் பதிவது நல்லது.

4. பிடிபிடிஎன் கடனைக் கணக்கில் வையுங்கள். திருப்பிக் கட்டும் நாள் வரும் முன் சம்பளம் வரணும்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் டிப்ளோமா முடித்தவர். நான்கு வருடமாகக் காய்கறி லோரி ஓட்டுகிறார். லோரி ஓட்டுவது குறைவான வேலை இல்லை. ஆனால் அவர் அதை விரும்பி எடுக்கவில்லை. "யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல, கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு விட்டுட்டேன்" என்று போன தீபாவளிக்குத்தான் சொன்னார். அத்தனை வருடமாக நாங்களும் அவரைக் கேட்கவில்லை.

அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தோம். எங்கள் வட்டாரத்திலிருந்து மேலே படிக்கப் போனவர்கள் யார், என்ன படித்தார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று அவரவர் சம்மதத்தோடு எழுதினோம். பதினொரு பேர் தேறினார்கள். தோட்டத்தில் யாருக்குமே இது முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. அந்த அண்ணன் இப்போது அதில் இருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டேன். "அடுத்த பிள்ளை கூப்பிட்டா எடு" என்றார். நோட்டில் பன்னிரண்டாவதாக என் எண்ணை எழுதினேன்.

அடுத்த திருவிழாவுக்கு ஊர் திரும்பும் அண்ணன், அக்காமாரை விசாரியுங்கள். உங்கள் தோட்டத்திலும் ஒரு நோட்டு போடுங்கள்.