மழை மணத்தைக் குப்பியில் அடைக்க முடியுமா?

கன்னோஜ் 'மிட்டி அத்தர்' முதல் மழையின் மண்வாசனையைத் தரும் என்கிறார்களே, உண்மையா? சின்னக் குப்பிக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

உண்மைதான், ஆனால் சோதித்து வாங்குங்கள். காய்ந்த களிமண் காற்றிலுள்ள எண்ணெய்த் தன்மையுள்ள பொருட்களை உறிஞ்சி வைத்திருக்கும். ஈரம் பட்டதும் அவை மணமாக வெளிவரும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பேர், தாமஸ் இருவரும் 1964-இல் இதை விளக்கி, அந்த மணத்துக்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டார்கள். உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜ்காரர்களுக்கோ அது அதற்கு முன்பே கைத்தொழில். சுட்ட களிமண் துண்டுகளைச் செப்புப் பானையில் நீரோடு கொதிக்கவிட்டு, ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள்.

ஆய்வுக்கூடத்திலேயே இந்த மணத்தைச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் மண்ணின் மணம் ஒரே வேதிப்பொருளால் ஆனதல்ல, பலவற்றின் கலவை. அந்தக் கலவையைப் பிடித்து நிறுத்துவது சந்தனம். விலையில் பெரும்பங்கும் சந்தனத்துக்கே. மலிவான சரக்கில் அதற்குப் பதிலாகப் பாரஃபின் எண்ணெய் இருக்கும். ஆகவே, 'அடிப்படை எண்ணெய் எது?' என்று முதலில் கேளுங்கள். மணிக்கட்டில் ஒரு துளி தடவிச் சில மணி நேரம் பொறுங்கள். மண்வாசனை தணிந்தபின் சந்தனம் மென்மையாக நின்றால், கொடுத்த விலை தகும்.